ஆபீஸ் ஏசி: திரையில் ஓகே... நிஜத்தில்?

மதியம் 3 மணி மீட்டிங்கில் எல்லாரும் கொட்டாவி விடுறாங்களா? சாப்பாட்டை மட்டும் திட்டாதீங்க. அறைக்குள் வெளிக்காற்றே வராமல் இருக்கலாம்.

பெரிய கட்டடங்களின் ஏசியை நடத்துவது சென்சார்களும் கன்ட்ரோலரும். காற்று வரும் கதவான டேம்பரைத் திருப்ப ஒரு குட்டி மோட்டார் உண்டு. எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, ஒவ்வொன்றும் சொன்னபடி கேட்குதா எனச் சோதித்து ஒப்படைப்பதுதான் ‘கமிஷனிங்’.

கம்ப்யூட்டரில் ‘டேம்பர் 100% திற’ என்று கட்டளை கொடுத்துவிட்டு, ஒருவர் டார்ச்சோடு ஏணியில் ஏறிப் பார்க்கணும். மோட்டாரின் திசை மாறியிருந்தால், திரையில் திறந்திருக்கும். மேலே இறுக மூடியிருக்கும்!

கார்பன் டை ஆக்ஸைடு சென்சார் திறந்தவெளியில் சுமார் 420 பிபிஎம் காட்டணும், நகரத்தில் கொஞ்சம் கூடுதலாக. 200 காட்டினால் அது பொய். அதை நம்பி, கூட்டம் நிறைந்த அறைக்கும் கன்ட்ரோலர் வெளிக்காற்றைக் குறைச்சுடும். வெப்ப சென்சாரை பிரின்டருக்கு மேலே மாட்டியிருந்தால் இன்னும் கொடுமை. பக்கத்து சீட்காரர் மே மாசத்திலும் ஸ்வெட்டர் போடணும்.

திறப்பு விழா அவசரத்தில் முதலில் அடிவாங்குவது இந்தச் சோதனைதான். காலிக் கட்டடத்தில் பார்த்தது போதாது, ஆட்கள் நிறைந்த பிறகும் பார்க்கணும். அடுத்த ஏசி சண்டையில் கட்டடப் பராமரிப்பு மேலாளரிடம் கமிஷனிங் ரிப்போர்ட்டைக் கேளுங்க.