முற்றத்துக்கு மீண்ட கோழி

பழங்கதைகளிற் பெருமை பெறுவது சேவலே. முருகன் கொடியில் ஏறியது சேவல். யானையோடு பொருது வென்று உறையூருக்குக் கோழி என்னும் பெயரை ஈட்டித் தந்ததாகக் கூறப்படுவதும் சேவல். முட்டையிட்டு வீட்டாரை ஊட்டிய பேட்டுக்குக் கொடியும் இல்லை, ஊரும் இல்லை. ஆயினும் பஞ்சம் வந்தபோது மனிதர் தேடிச் சென்றது அந்தப் பேட்டையே.

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழி. தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழமையுடைய எலும்புகளே வீட்டுக்கோழிக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று என 2022 இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது. வயலிற் சிந்திய நெல்லும் தினையும் அப்பறவையை மனிதனிடம் ஈர்த்தன என்பது ஆய்வாளர் கருத்து. இலங்கைக்கே உரிய காட்டுக்கோழி, நமது தேசியப் பறவை, இதனின் வேறான இனமாகும்.

சிந்தியதைத் தின்னும் இந்த இயல்பே முற்றத்துக் கோழியின் பொருளாதாரம் முழுவதும் எனலாம். யாழ்ப்பாணத்து வளவொன்றில் நாலைந்து பேடுகளுக்கும் ஒரு சேவலுக்கும் எவரும் தீன் வாங்கியதில்லை. தவிடு, குரக்கன் உமி, சோற்றுப் பருக்கை, வேலியோரத்துப் புழு பூச்சி ஆகியவற்றோடு அவற்றின் வயிறு நிறைந்தது. பேடு பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டதும் அடை கிடக்கும். 21 நாளிற் குஞ்சு பொரிக்கும். பின்னர்ப் பல வாரம் குஞ்சுகளைக் கூட்டித் திரியும். அக்காலம் முழுதும் முட்டை இல்லை. விளக்கொளியில் முட்டையைப் பிடித்துக் கருவறிதல், அடையைத் தெளிவித்தல், குஞ்சுகளுக்குக் கறையான் தேடிப் பிடித்தல், பருந்துக்கும் கீரிக்கும் காவல் இருத்தல் ஆகிய யாவும் பெண்களின் அறிவாக இருந்தன. எந்தப் பாடநூலும் அவற்றைக் கற்பித்ததில்லை. ஆண்டுக்கு நாற்பது ஐம்பது முட்டையே கிடைத்தாலும் அதன் செலவு ஏறக்குறையச் சூனியம்.

இக்கணக்கைக் குலைத்தவை பல. இத்தாலியிலிருந்து அமெரிக்கா சென்று திருந்திய வெள்ளை லெகோர்ன் அடை கிடக்கும் பழக்கத்தைப் பெரிதும் இழந்திருந்தது. ஆகவே ஓயாது முட்டையிட்டது. அடைகாக்கும் வேலையைப் பொறி ஏற்றது. விற்றமின் டீயின் பயன் 1920களில் தெளிந்தபின், வெயில் படாத கொட்டிலிலும் கோழியை ஆண்டு முழுவதும் வளர்க்க முடிந்தது. 1926 இல் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இனங்காணப்பட்டு, இந்தியாவில் இராணிக்கெட் எனப் பெயர் பெற்ற கொள்ளைநோய், ஊசி மருந்தறியாத முற்றங்களை ஒரே வாரத்தில் வெறுமையாக்க வல்லதாயிருந்தது. இலங்கையில் 1977 இன் பின் பண்ணைத் தொழில் பெருகிக் கடை முட்டை மலியவே, வளவுக் கூடுகள் விறகுக் கொட்டிலாயின.

சென்ற பேட்டை மீள அழைத்தவற்றுள் முந்தியவை உலக யுத்தங்கள். இறைச்சியையும் தானியத்தையும் ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டியிருந்த அமெரிக்க அரசு, முதலாம் யுத்தத்தின்போது வீட்டில் ஆளுக்கு இரண்டு பேடு வளர்க்குமாறு சுவரொட்டி ஒட்டிக் கேட்டது. பிரித்தானியாவில் 1941 இல் முட்டை பங்கீட்டுக்குள் வந்தது. பொதுவில் ஆளுக்கு வாரம் ஒன்று. தம் முட்டைப் பங்கை விட்டுக் கொடுத்தவர்க்கு அரசு அதற்கு ஈடாகக் கோழித் தீன் அளந்தது. உருளைக்கிழங்குத் தோலை அவித்து அத்தீனோடு பிசைந்து ஊட்டினர். இது சாதுரியமான ஏற்பாடு. சமையலறைக் கழிவு முட்டையாக மாறியது. 1953 இல் முட்டைப் பங்கீடு நீங்கிய பின், கொல்லைக் கோழிகளும் படிப்படியே மறைந்தன.

இலங்கையின் முறை பின்னர் வந்தது. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டுச் சோள விளைச்சல் வீழ்ந்தது. 2022 இல் டொலரும் இல்லாது தீன் விலை ஏறியது. அவ்வாண்டு யூன் மாதத்தில், வீட்டுத் தோட்டம் செய்வதற்கென அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தர அமைச்சரவை இசைந்தது. ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என உச்சவிலை விதிக்கப்பட்டது. அவ்விலைக்கு முட்டை கிடைப்பதோ அரிதாயிற்று. 2023 மார்ச்சில் இந்திய முட்டை கப்பலில் வந்தது.

இந்நெருக்கடியில் பழைய கூட்டைத் தட்டிச் செப்பனிட்டவர்கள் பலர். ஆனால் முன்னர் வளர்த்ததும் இப்போது வாங்கியதும் ஒரே பறவை அன்று. ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடுமாறு ஆக்கப்பட்ட கலப்பினப் பேடு தவிட்டிலும் பருக்கையிலும் அவ்வளவு இடாது. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் ஏறத்தாழ இரண்டு கிராம் கல்சியம் வேண்டும். நிறைவான புரதமும் வேண்டும். அதாவது, எந்தத் தீனின் விலைக்கு அஞ்சி வளர்க்கத் தொடங்கினரோ, அதே தீனையே வாங்க வேண்டும். குறைத்து ஊட்டினால் ஓடு மெலியும், பின் முட்டை நிற்கும்.

நாட்டுப் பேட்டைத் தேடிப் பிடித்தவர்க்குத் தொல்லை குறைவு. முட்டை குறைவாயினும் அது தானே மேய்ந்து, தானே அடை கிடந்து, தன் சந்ததியைத் தானே தந்தது. அடையின் பக்குவம் அறிந்த ஒரு பாட்டி அயலில் இருந்தாற் போதும். கலப்பினம் வாங்கியவரோ, ஒன்றரை ஆண்டு கழிந்து முட்டை குறைந்ததும், அடுத்த குஞ்சுக்காகப் பொரிப்பகத்தின் வாயிலில் மறுபடி நிற்க வேண்டியதாயிற்று.