தலைகீழாய்ப் பிடித்த புத்தகம்

போன வாரம் எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். புத்தகத்திலிருந்த ஒரு கூட்டுவட்டிக் கணக்கை எடுத்து, அசலை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தேன். நாலு பேர் புத்தகத்தில் இருந்த அசலையே போட்டு, அதே விடையையே எழுதியிருந்தார்கள். படிப்படியாக, அழகான கையெழுத்தில். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் உறைத்தது: அசலை மாற்றாமல் விட்டிருந்தால் நாலு பேருக்கும் முழு மார்க் போட்டிருப்பேன்.

இது புது வியாதி இல்லை. 1862இல் இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிகளுக்கான மானிய விதிகளைத் திருத்தினார்கள். கல்விக்குப் பொறுப்பாயிருந்த ராபர்ட் லோ கொண்டுவந்தது. வருகைக்குப் பிள்ளை ஒன்றுக்கு வருஷம் 4 ஷில்லிங். பரீட்சைக்கு 8 ஷில்லிங். இன்ஸ்பெக்டர் வந்து படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார். ஒவ்வொரு தோல்விக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. பாடம் ஆறு ஸ்டாண்டர்டாகப் பிரிந்தது. நாம இன்னும் 'எட்டாம் ஸ்டாண்டர்டு' என்கிறோமே, அதே சொல்தான்.

லோவை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. வாத்தியார்கள் மேல்வகுப்புப் பிள்ளைகளை மட்டும் கவனித்து, சின்னப் பிள்ளைகளை விட்டுவிடுகிறார்கள் என்று 1861இல் நியூகாசில் கமிஷன் சொல்லியிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் சோதிக்கப்படணும் என்பது நியாயமான ஆசைதானே?

நடந்தது வேறு. மானியம் குறைந்தால் பல இடங்களில் வாத்தியார் சம்பளத்திலும் கை வைப்பார்கள். அதனால் வாசிப்புப் புத்தகத்தை வருஷம் பூரா மனப்பாடம் பண்ணவைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடியே பிள்ளைகள் கடகடவென்று 'வாசித்தார்கள்' என்று சொல்வதுண்டு. காசு தராத சரித்திரமும் பூகோளமும் ஓரமாகப் போயின. கவிஞர் மேத்யூ அர்னால்டு அப்போது பள்ளி இன்ஸ்பெக்டர். உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் இந்தப் பரீட்சையில் தேறவைக்க முடியும் என்று அந்த 1860களிலேயே தன் அறிக்கையில் எழுதினார். யாரும் கேட்கவில்லை; முறை 1890கள் வரை ஓடியது.

நம்ம பக்கமும் வந்தது. மதராஸ் மாகாணத்தில் 1860களிலேயே தேர்ச்சியைப் பார்த்து மானியம் கொடுக்க ஆரம்பித்தார்கள். திண்ணைப் பள்ளிக்கூடங்களும் இந்த வலைக்குள் வந்தன.

எட்மண்ட் ஹோம்ஸ் என்று இன்னொரு இன்ஸ்பெக்டர். இந்த முறையில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளைச் சோதித்தவர். தலைமை இன்ஸ்பெக்டராக உயர்ந்து, வேலையை விட்டபிறகு 1911இல் ஒரு புத்தகம் போட்டு அதையே வெளுத்துவாங்கினார். வெளியே காட்டக்கூடியதை மட்டும் அளந்தோம், உள்ளே என்ன வளர்ந்தது என்று பார்க்கவில்லை என்பது அவர் வாதம். அவ்வளவு வருஷம் கழித்தா சொல்வார் என்று முதலில் எரிச்சல் வந்தது. எனக்கே சர்வீஸ் 19 வருஷம் என்பது பிறகு ஞாபகம் வந்தது.

மறுநாள் அந்த நாலு பேரையும் கூப்பிட்டு, பேப்பர் இல்லாமல், "வட்டி ஏன்டா வருஷாவருஷம் கூடிக்கிட்டே போகுது?" என்று கேட்டேன். மூணு பேர் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தன் மட்டும், "போன வருஷ வட்டிக்கும் சேர்த்து வட்டி போடுறாங்கல்ல சார். எங்க வீட்டு நகைக்கு அப்படித்தான்" என்றான்.

தாளில் அவனுக்குப் பூஜ்யம். மார்க் ரிஜிஸ்டரில் அந்தப் பதிலை எழுதக் கட்டம் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தேன். வகுப்பில் 40 பேர். தினம் நாலு பேர் என்றால் பத்து நாளில் ஒரு சுற்று வரலாம். திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்.