293318625600

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்னும் இந்த முழு எண், உயர் பகு எண்களுள் ஒன்று. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்டதே உயர் பகு எண். 12-க்கு ஆறு காரணிகள் உண்டு. அதற்குக் கீழுள்ள எதற்கும் நான்குக்கு மேல் இல்லை. ஆகவே 12 இந்த இனத்தைச் சேர்ந்தது. அதே வரிசையில் வெகுதூரம் மேலே நிற்கும் 293318625600-ஐத் தனியே பேச வைப்பது ஒரு விடுபடல்: ராமானுஜன் கையால் கணக்கிட்ட அட்டவணையில் இது இல்லை.

ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். மறு ஆண்டே உயர் பகு எண்கள் பற்றிய அவருடைய கட்டுரை லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 63 பக்கங்களுக்கு வெளிவந்தது. 1916-இல் அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றுத் தந்ததும் இந்த ஆய்வுதான். போர்க்காலம்; கழகத்திடம் பணமில்லை. கட்டுரையின் பிற்பகுதி அச்சேறாமலே நின்றது. அதை ழான் லூயி நிக்கோலா, கி ரோபான் என்ற இரு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் குறிப்புகளுடன் பதிப்பித்தது 1997-இல். எண்பது ஆண்டுக்கும் மேற்பட்ட அந்தத் தாமதம் கணிதத்துக்கு நேர்ந்த இழப்பு.

எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் அமைப்பு தெளிவாகும்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க, 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040 காரணிகள் கிடைக்கின்றன. அடுக்குகள் இடமிருந்து வலமாக ஏறுவதே இல்லை என்பதைக் கவனிக்கலாம். உயர் பகு எண்களில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விதிவிலக்கு. இதை நிறுவியவரும் ராமானுஜனே. 1 முதல் 22 வரை எல்லா எண்களும் 293318625600-ஐ மீதியின்றி வகுக்கும். 23 வகுக்காது.

அந்த 23-இல்தான் சுவை இருக்கிறது. வரிசையில் இதற்கு முந்தைய 240940299600, பிந்தைய 321253732800 இரண்டும் 23-ஆல் வகுபடுகின்றன. நடுவில் நிற்கும் இது மட்டும் 19-உடன் நின்று, குறையை 7-இன் இரண்டாம் அடுக்கால் ஈடுகட்டுகிறது. கண்ணுக்குத் தப்ப ஏற்ற இடம் அது. ராமானுஜனின் அட்டவணை முடிவது 6746328388800-இல். அதை 23-ஆல் வகுத்தால் கிடைப்பது, விடுபட்ட அதே எண்!

காரணிகளின் எண்ணிக்கையான 5040-உம் ஓர் உயர் பகு எண்ணே. பிளேட்டோ 'சட்டங்கள்' நூலில் தம் இலட்சிய நகரத்துக்கு 5040 குடும்பங்களை வகுத்தது, அந்த எண் பலவாறு பங்கிட வசதியானது என்பதால். 5040-இன் காரணிகள் 60. 60-இன் காரணிகள் 12. 12-க்கு 6, 6-க்கு 4. இவை எல்லாமே உயர் பகு எண்கள். 4-க்குக் காரணிகள் மூன்று. 3 உயர் பகு எண் அல்ல; அங்கே சங்கிலி அறுகிறது.

இன்று கணினிகள் உயர் பகு எண்களை லட்சக்கணக்கில் பட்டியலிட்டுள்ளன.