விக்டரும் வளர்ப்புத் தாயும்

கண்ணனைப் பெற்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டியதும் நீராட்டியதும் யசோதையின் நிலையில் நின்றேயாம். ஆகவே வளர்ப்புத் தாயின் பெருமை தமிழர்க்குப் புதியதன்று. ஆயினும், ஒருவர் ஏற்று வளர்க்கும் பிள்ளை பேச்சிலோ புலனிலோ அறிவு வளர்ச்சியிலோ குறையுடையதாய் இருக்குமாயின், அப்பிள்ளையைக் கல்விக்கு ஆயத்தஞ் செய்வது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சிகளுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்று, பிரான்சு நாட்டில் 1800ஆம் ஆண்டில் தொடங்கியது.

அவ்வாண்டு சனவரி மாதத்தில், அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள அவேரோன் மாவட்டத்தில், காட்டிலிருந்து ஒரு சிறுவன் வெளிப்பட்டான். வயது பதினொன்று அல்லது பன்னிரண்டு இருக்கலாம். அவனுக்குப் பேச்சு இல்லை. ஆடை உடுத்தும் வழக்கம் இல்லை. பெற்றோர் யாவர் என்பதை எவரும் அறியார். அவனைப் பற்றிய செய்தி நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் அவன் பாரிசு நகருக்குக் கொண்டுவரப்பட்டு, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கான தேசிய நிறுவகத்தில் சேர்க்கப்பட்டான்.

அந்நிறுவகம் அக்காலத்தில் பெரும் புகழ் பெற்ற கல்விக்கூடம். எனினும், அங்கே கழிந்த முதற் சில மாதங்களில் அச்சிறுவன் யாதொன்றும் கற்றிலன். மூலையில் குந்தியிருந்து உடலை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பான். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தாரால் அவனுக்கு நன்மை ஏதும் விளையவில்லை. பெயர்பெற்ற வைத்தியரான பினெல் என்பார் அவனைப் பரிசோதித்து, இவன் அறிவு குன்றியவன், திருந்துவான் என நம்புதற்கு இடமில்லை என முடிவு கூறினார். பள்ளி இருந்தது, ஆசிரியர் இருந்தனர், ஆனால் அவனுக்கு உரிய இல்லம் ஒன்று இருக்கவில்லை.

அந்நிறுவகத்தில் புதிதாகப் பதவியேற்ற இளம் வைத்தியர் இதார் என்பவர், பினெலின் முடிவை ஏற்றாரல்லர். 1774இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. சிறுவனின் குறைக்குக் காரணம் மனிதர் உறவின்றி வாழ்ந்தமையே என அவர் கருதினார். சிறுவனை நாள்தோறும் பேணும் பொறுப்பு, அந்நிறுவகத்தைச் சேர்ந்த கெரேன் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 'ஓ' என்னும் ஒலி சிறுவனின் கவனத்தைக் கவர்வதை உணர்ந்த இதார், அவ்வொலி அமைந்த விக்டர் என்னும் பெயரை அவனுக்கு இட்டார்.

1801இல் வெளிவந்த தம் அறிக்கையில் இதார் ஐந்து நோக்கங்களை வகுத்தார். முதலாவது, மனிதரோடு வாழ்வதை அவனுக்கு இனிமையாக்குதல். இரண்டாவது, புலன்களைத் தட்டியெழுப்புதல். மூன்றாவது, புதிய தேவைகளாலும் உறவுகளாலும் அவன் எண்ணங்களை விரித்தல். நான்காவது, பேச்சுக்கு வழிகாட்டுதல். ஐந்தாவது, அன்றாடத் தேவைக்குரிய பொருள்களில் அறிவைப் பயிற்றி, பின்னர் அதனைக் கல்விக்குப் பயன்படுத்துதல். ஏட்டுக் கல்வி இவ்வரிசையின் இறுதியிலேயே நிற்பது கருதத்தக்கது.

முதல் நோக்கத்தை நிறைவேற்றியவர் கெரேன் அம்மையாரே. விக்டர் விரும்பிய உணவை அவர் அளித்தார். இருட்டியதும் உறங்க விட்டார். தோட்டங்களுக்கும் வயல்வெளிகளுக்கும் அழைத்துச் சென்றார். பழைய வாழ்வின் வழக்கங்களை ஒரேயடியாகப் பறியாது, சிறிது சிறிதாகப் புதியவற்றை அவர் புகுத்தினார். முதலில் சுடுநீரின் வெம்மையையும் பொருட்படுத்தாதிருந்த சிறுவன், நாள்தோறும் வெந்நீரில் நீராட்டப்பட்டதன் பின் குளிரை உணரலானான். அதனால் தானே ஆடை உடுத்தவும் கற்றான். அருகே துப்பாக்கி வெடித்தாலும் திரும்பாத அவன், பின்னால் ஒரு கொட்டை உடைபடும் ஓசைக்குத் திரும்பினான். அவன் செவி பழுதன்று, தனக்கு வேண்டியதையே அது நாடுகின்றது என்பதை இதார் இதனால் அறிந்தார்.

அதன்பின்னரே பாடங்கள் வந்தன. பொருள்களின் படங்களைப் பலகையில் வரைந்து, ஒவ்வொரு படத்தின் கீழும் அப்பொருளைத் தொங்கவிடச் செய்தார். வண்ணங்களையும் வடிவங்களையும் பொருத்தச் செய்தார். தனித்தனியாக வெட்டிய எழுத்துகளைக் கொடுத்தார். பாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நான்கு எழுத்துகள். ஒருநாள் மாலை, தான் நாள்தோறும் பால் அருந்தும் வீட்டுக்குச் செல்லுகையில், விக்டர் அந்நான்கு எழுத்துகளையும் எவரும் ஏவாமலே சட்டைப்பையில் எடுத்துச் சென்று, அங்கிருந்த மேசைமீது முறையாக அடுக்கினான்.

இதாரின் முறைகள் யாவும் பின்பற்றத்தக்கன அல்ல. சிறுவனின் முரட்டுச் சினத்தை அடக்க, ஒருமுறை அவனை நான்காம் மாடிச் சாளரத்தின் வெளியே பிடித்து அச்சுறுத்தினார். இக்காலக் கல்வியாளர் எவரும் இதனை ஏற்கமாட்டார். விக்டரைப் பேசவைக்கும் முயற்சியும் தோல்வியுற்றது. ஓரிரு சொற்களுக்கு மேல் அவன் வாயில் வரவில்லை. 1806இல் எழுதிய இரண்டாம் அறிக்கையில் இதார் இதனை மறைக்கவில்லை. அவனிடம் பிறவிக் குறையும் இருந்திருக்கலாம் என இன்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

ஆனால், அறிவு வளர்ச்சியில் தடைப்பட்ட அப்பிள்ளை, அன்பில் வளர்ந்தான். ஒருமுறை வீட்டைவிட்டு ஓடிப்போய், காவலரால் பிடிபட்டுச் சிறையில் இருந்தபோது, தன்னைத் தேடிவந்த அம்மையாரைக் கண்டதும் உணர்விழந்து வீழ்ந்தான். தெளிந்தபின் ஆரவாரித்து மகிழ்ந்தான். அம்மையாரின் கணவர் இறந்தபின், விக்டர் வழக்கம்போல் அவருக்கும் மேசையில் தட்டை வைத்தான். அது கண்டு அம்மையார் அழுதார். தன் செயலே அழுகைக்குக் காரணம் என உணர்ந்த அவன் அத்தட்டை எடுத்து உள்ளே வைத்தான். பின்னர் ஒருபோதும் அதனை அங்கு வைத்திலன். எந்தப் பாடத்தாலும் இதனைக் கற்பித்திருத்தல் இயலுமோ?

1804இல் இயற்றப்பட்ட பிரெஞ்சுக் குடியியற் சட்டம், பராயமடையாத பிள்ளைகளைச் சுவீகாரம் எடுக்க இடமளிக்கவில்லை. ஆதலின் சட்டத்தின் கண்ணில் கெரேன் அம்மையார் விக்டருக்குத் தாயல்லர். எனினும், இதாரின் பாடங்கள் முடிந்த பின்னரும், 1828இல் விக்டர் இறக்கும் வரையும், அரசின் உதவிப்பணத்துடன் அவனைப் பேணியவர் அவரே.

இம்முயற்சி வீண்போகவில்லை. இதாரின் இறுதிக் காலத்தில் அவருடைய அறிவுரையைப் பெற்ற செகேன் என்பவர், உடற்பயிற்சி, புலன்பயிற்சி, பின்னர் அறிவுப்பயிற்சி என்னும் ஒழுங்கை வகுத்து 1846இல் ஒரு நூல் வெளியிட்டார். இவ்விருவர் எழுத்துகளையும் தம் கையாலேயே படியெடுத்துப் பயின்றவர் இத்தாலிய வைத்தியரான மரியா மொன்டிசோரி அம்மையார். முதலில் குறையுடைய பிள்ளைகளுக்குக் கையாண்ட முறைகளை, 1907இல் உரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் ஏனைப் பிள்ளைகளுக்கும் அவர் கையாண்டார். 1939இல் சென்னைக்கு வந்த அவர், 1944இல் இலங்கைக்கும் வந்தார். இந்நாட்டில் இன்றும் பாலர் பாடசாலையை மக்கள் மொன்டிசோரி என்றே அழைக்கின்றனர். இப்பாடசாலைகளில் சிறுவர் பொருத்தி விளையாடும் வடிவங்களுக்கும் வண்ணங்களுக்கும் மூலங்களுள் ஒன்று விக்டரின் பலகையாகும்.

குறையுடைய பிள்ளையொன்றை ஏற்று வளர்ப்போர் பள்ளியை எண்ணி விரைதல் இயல்பே. அயலவர் பிள்ளை எழுதுகின்றது, நம் பிள்ளை எழுதவில்லை என்னும் கவலை அவர்களை வாட்டும். இத்தகையோர்க்கு விக்டரின் வரலாறு உரைப்பது ஒன்றுண்டு. புதிய வீடு தனக்கு நிலையானது என்னும் நம்பிக்கையைப் பிள்ளை பெறுதலே முதற்பாடம். பழைய வழக்கங்களை உடனே பறியாமை, உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குசெய்தல், உடுத்தவும் கேட்கவும் கேட்டுப் பெறவும் பழக்குதல் என்பன அடுத்துவரும். எழுத்து அதன்பின் வரும். அது தாமதித்து வரினும், குறைவாகவே வரினும், முன்னர்க் கற்ற பாடங்கள் பிள்ளையை விட்டு நீங்கா.