வாயில்லா ஜீவனும் நெடுவழியும்

சென்னையில் குடியேறிவிட்ட தஞ்சைத் தரணிக் குடும்பங்கள், பொங்கலுக்கோ குலதெய்வ வழிபாட்டுக்கோ சொந்த ஊர் புறப்படும்போது, பெட்டி படுக்கைகளோடு கூடை ஒன்றில் வீட்டுப் பூனையையும் காரில் ஏற்றிக்கொண்டு போவது இப்போது அபூர்வமான காட்சியன்று. அந்தப் பூனை சிறுநீரகம் தளர்ந்துபோன கிழப்பிராணியாகவோ, காலையும் மாலையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இன்சுலின் போடவேண்டிய நீரிழிவு நோயாளியாகவோ இருந்துவிட்டால், எங்கே வண்டியை நிறுத்துவது, எப்போது தண்ணீர் காட்டுவது, எந்த நேரத்தில் ஆகாரம் கொடுப்பது, வெயில் ஏறுமுன் எந்த ஊரைத் தாண்டிவிடுவது என்று ஏறக்குறைய 340 கிலோமீட்டர் வழி முழுவதும் அதன் உடல்நிலையை ஒட்டியே திட்டமிடப்படுகிறது. இதைப் பட்டணத்தாரின் நூதனமான ஆடம்பரம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள்பால் மரியாதையோடு நான் சொல்ல விரும்புவது, காவிரிப் படுகையின் சரித்திரத்தைப் பார்த்தால் இது நூதனமே அன்று என்பதுதான். பிராணியின் சரீரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே மனிதனும் வழி நடந்த காலம்தான் இங்கே நெடுங்காலம். மோட்டார் வந்து அதை மறக்கச்செய்த காலம் மிகச் சொற்பம்.

பாரவண்டியில் பூட்டிய எருது மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் போகாது. வெயில் உறைத்துவிட்டால் அதுவும் இல்லை. ஆகையால் வண்டிக்காரர் விடியற்காலத்தில் பூட்டி, உச்சிவேளைக்கு முன்பே நிழலும் நீரும் உள்ள ஒரு தோப்பிலோ பேட்டையிலோ அவிழ்த்து, மாடு படுத்து அசைபோட்டு எழுந்த பிறகே மறுபடியும் பூட்டினார்கள். அவிழ்த்தவுடன் அவர்கள் செய்த முதல் காரியம் தாம் உண்பதன்று. மாட்டின் கழுத்தைத் தடவி நுகப்புண் கண்டிருக்கிறதா என்று பார்ப்பதும், கால்களைத் தூக்கிக் குளம்பைச் சோதிப்பதுமே ஆகும். புண் கண்டிருந்தால் மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவப்படும். லாடம் கழன்றிருந்தால் லாடக்காரனைத் தேடவேண்டும். மாட்டின் குளம்பு பிளவுபட்டதாகையால், காலுக்கு இரண்டு வீதம் ஒரு மாட்டுக்கு எட்டு லாடங்கள். மாட்டைக் கயிற்றால் கட்டிக் கீழே சாய்த்துத்தான் அடிக்க முடியும். தீனி மறுத்த மாட்டுக்கு மூங்கிற்குழாயில் மருந்தை வார்த்து வாயில் புகட்டுவார்கள். கோமாரி, அடைப்பான், சப்பை நோய், வெக்கை என்று வியாதிகளைப் பிரித்தறிந்து அவற்றுக்குரிய பச்சிலைகளையும் சூடு போடும் ஸ்தானங்களையும் எழுதிவைத்த மாட்டு வாகடச் சுவடிகள் தமிழில் இருப்பதற்குக் காரணம் வெறும் சாஸ்திர ஆசையன்று; மாடு படுத்துவிட்டால் வண்டியிலிருந்த குடும்பம் முழுவதும் நடுவழியில் நிற்கவேண்டியிருந்தது என்பதே.

நம் முன்னோர் வகுத்த முப்பத்திரண்டு அறங்களின் வரிசையில், தண்ணீர்ப்பந்தலும் சோலையும் குளமும் சொல்லப்பட்டதோடு, மாடுகள் தினவு தீர உடம்பை உரசிக்கொள்வதற்கென்று கல் நாட்டுவதும் ஒரு தர்மமாக வைக்கப்பட்டிருக்கிறது. வாய்விட்டுக் கேட்க முடியாத ஒரு ஜீவனின் முதுகுத் தினவைக்கூட நினைத்துப் பார்த்து, அதற்குப் புண்ணியம் உண்டு என்று விதித்த மனம் எவ்வளவு நுண்ணியது! மேய்ச்சல் வெளிகளிலும் நீர்த்துறைகளிலும் நின்ற அத்தகைய கற்களில் பல பிற்காலத்தில் சாலை அகலப்படுத்தியபோது பெயர்ந்து போனது எனக்குப் பெரிய இழப்பாகவே தோன்றுகிறது.

இந்த வழித் தர்மத்தின் சிகரம் தஞ்சை மராத்திய மன்னர்களின் சத்திரங்களாகும். வடநாட்டிலிருந்து ராமேசுவரத்துக்கு யாத்திரை செய்தவர்கள் தஞ்சை நாட்டைக் கடந்தே போகவேண்டியிருந்தபடியால், அந்த வழியிலும் அதன் கிளைகளிலும் அரச குடும்பத்து மாதரின் பெயரால் சத்திரங்கள் எழுந்தன. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் அத்தகையது. இரண்டாம் சரபோஜி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரால் எழுப்பிய சத்திரம் அவற்றுள் பெரும் புகழ் பெற்று, ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்ற பெயரைத் தந்தது. தஞ்சையிலிருந்து ஒரத்தநாடு வரையிலும், ஒரத்தநாட்டிலிருந்து பட்டுக்கோட்டை வரையிலும் உள்ள தூரங்களைக் கவனிப்பவருக்கு ஓர் உண்மை விளங்கும்: இரண்டும் ஏறக்குறைய 25 கிலோமீட்டருக்குள் அடங்குபவை, அதாவது ஒரு ஜோடி மாடு களைத்துப்போகாமல் ஒரு நாளில் இழுக்கக்கூடிய தூரம். வழியை அளந்த கோல் எருதின் மூச்சுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ராஜ்ய நிர்வாகம் கம்பெனியார் கைக்குப் போய்விட்ட பிறகு, சத்திரங்களுக்கு விட்ட மானியங்களையாவது காப்பாற்றவேண்டும் என்று சரபோஜி பாடுபட்டார். 1801 ஜனவரியில் அவர் ரெசிடெண்டாக இருந்த டோரினுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களில் நடைபெறும் தர்மங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். ஜாதி பேதமின்றி வந்தவர்க்கெல்லாம் அன்னம் இடுவதும், நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாமல் தங்கியிருப்போரைக் கூவி அழைத்துச் சோறிடுவதும், குழந்தைகளுக்குப் பால் வார்ப்பதும், பிரசவித்த ஸ்திரீகளைப் பராமரிப்பதும் அதில் வருகின்றன. வழியில் நோயுற்று விழுந்தவரைச் சத்திரத்துக்குத் தூக்கிவந்து, மருந்தும் பத்தியமும் கொடுத்து, குணமாகும்வரை வைத்திருந்து அனுப்புவார்களாம். வியாதிக்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியம் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். நோயாளிக்கு நெடுவழிப் பிரயாணத்தில் வேண்டியவை எவை என்று இன்று யாராவது ஒரு பட்டியல் எழுதினால், உரிய வேளையில் ஆகாரம், மருந்து, வைத்தியர், இளைப்பாற இடம் என்ற இந்த நான்கைத் தவிர வேறொன்றும் அதிகமாக எழுதமுடியாது.

கடிதம் பேசுவது மனிதரைப் பற்றியே. ஆனாலும் அதை எழுதிய மன்னர் பிராணிகளின் நோயையும் வித்தையாகக் கருதியவர். அவர் ஸ்தாபித்த தன்வந்திரி மகாலில் மனிதருக்கு மட்டுமின்றி மிருகங்களுக்கும் ஔஷதங்கள் தயாரிக்கப்பட்டன. அவர் வளர்த்த சரஸ்வதி மகால் நூலகத்தில், யானைகளின் லக்ஷணத்தையும் சிகிச்சையையும் கூறும் பாலகாப்பியரின் கஜ சாஸ்திரமும், குதிரைகளைப் பற்றிய அசுவ சாஸ்திரமும் வர்ணச் சித்திரங்களோடு இருக்கின்றன. இரண்டையும் நூலகத்தார் 1950-களில் அச்சிட்டு வெளியிட்டார்கள். 1826-இல் தஞ்சைக்கு வந்த ஹீபர் பாதிரியார், மன்னரின் பல கலைப் பயிற்சியை வியந்து எழுதியபோது, குதிரையின் தராதரத்தை மதிப்பிடுவதில் அவருக்கிருந்த திறமையையும் மறக்காமல் குறித்திருக்கிறார். 1820-இல் சரபோஜி காசி யாத்திரைக்குப் புறப்பட்டார். ஏறக்குறைய 3000 பேர் கொண்ட பரிவாரமும், அதைச் சுமந்த பிராணிகளும், மாதக்கணக்கில் தேசம் தேசமாகக் கூடாரம் அடித்துக் கூடாரம் அவிழ்த்துப் போய்த் திரும்பவேண்டுமானால், தினந்தோறும் காலையில் எத்தனை முதுகுகளையும் குளம்புகளையும் யாராவது தடவிப் பார்த்திருக்கவேண்டும்! சரித்திரம் மன்னர் கொண்டுவந்த சுவடிகளைப் பேசுகிறது. அந்தச் சுவடிகளைச் சுமந்து வந்த மாடுகளையும் நாம் நினைக்கவேண்டும்.

ரயில் வந்தவுடன் இந்த ஏற்பாடு சரிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861-இலும் அங்கிருந்து திருச்சிக்கு அடுத்த ஆண்டிலும் தண்டவாளம் போடப்பட்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் யாத்திரிகன் சத்திரத்தில் தங்கவேண்டிய அவசியமே இல்லாமற்போயிற்று. சத்திரக் கட்டடங்களில் சில மாணவர் விடுதிகளாயின. பிறகு மோட்டார் வந்து, நாள்கணக்கான வழியை மணிக்கணக்காகச் சுருக்கியது. இயந்திரத்துக்குக் கழுத்தில் புண் வருவதில்லை. ஆகவே வழியில் நின்று தடவிப் பார்க்கும் வழக்கமும் போய்விட்டது.

இனிப் பூனையைப் பற்றிச் சொல்லவேண்டும். நெல் விளையும் நாட்டில் பூனைக்கு உத்தியோகம் உண்டு. வயல் எலியைப் பிடிக்க மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டிய கிட்டியை வைப்பார்கள். வீட்டுக்குள் பத்தாயத்தையும் குதிரையும் காப்பது பூனையின் பொறுப்பு. ஆனால் நெடுவழியில் அதற்கு இடம் இருந்ததில்லை. வீட்டார் ஊருக்குப் போனால் பூனை அடுத்த வீட்டுத் திண்ணையிலோ அடுக்களை ஓரத்திலோ பொழுதைக் கழித்துக்கொள்ளும், நோயுற்றால் எங்காவது மறைவில் போய்ப் படுத்துக்கொள்ளும், பிழைத்தால் திரும்பிவரும். பூனை பிரயாணம் செய்தது பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகத்தான்: வேண்டாத பூனையை, வழி தெரியாதபடி சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வருவார்கள். பல பூனைகள் சில தினங்களில் திரும்பி வந்து அதே வாசலில் நின்றதை ஊர்தோறும் கதையாகச் சொல்வதுண்டு. மாட்டின் முதுகுத் தினவுக்குக் கல் நாட்டிய அதே மக்கள் பூனையைச் சாக்கில் கட்டினார்கள் என்பது கசப்பான உண்மை. உழைப்பால் கட்டுண்ட பிராணிக்கே அந்தத் தயை கிடைத்தது.

நவீன கால்நடை வைத்தியமும் அதே வரிசையில்தான் வளர்ந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியபோது அதன் கவலை மாடும் குதிரையுமே. மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று 2011-இல் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் அத்தகைய கல்லூரிகளில் பயின்ற பல தலைமுறை வைத்தியர்களின் உழைப்பு இருக்கிறது. பூனை வைத்தியம் மெதுவாகவே வந்து சேர்ந்தது. ஜனங்களிடையே அதைப் பற்றிய ஞானம் இன்னும் மெதுவாகவே பரவுகிறது. மனிதருக்குச் சுரம் தணிக்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்குக் கொடிய விஷம் என்பதையும், ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கிக்கொண்டிருந்தால் அது ஒரு நாள்கூடப் பொறுக்கமுடியாத ஆபத்து என்பதையும் அறியாதவர்களே இன்னும் அதிகம். பிரயாணத்தில் இந்த அறியாமை மிகுந்த துன்பத்தை விளைவிக்கும்.

சட்டம் இவ்விஷயத்தில் ஜனங்களைவிட முந்திக்கொண்டது. 1960-ஆம் ஆண்டு பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978-இல் ஏற்பட்ட பிராணிகள் போக்குவரத்து விதிகள், நாய் பூனைகளை ஒரு ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அனுப்புவதற்கு முன் கால்நடை வைத்தியரின் தகுதிச் சான்று வேண்டும் என்கின்றன. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது உணவும் நீரும் கொடுத்திருக்கவேண்டும் என்றும், நெடுவழியில் கோடைக்காலத்தில் நான்கு மணிக்கொருமுறை தண்ணீர் காட்டவேண்டும் என்றும் விதிக்கின்றன. பேட்டைதோறும் அவிழ்த்து நீர் காட்டிய வண்டிக்காரன் எவரும் எழுதிக் கொடுக்காமலே செய்துவந்த காரியம் இது. சிறுநீரகம் தளர்ந்த பூனைக்கோ இந்த நான்கு மணியும் அதிகம். அதற்கு அடிக்கடி தாகம் எடுக்கும், அடிக்கடி மணல் தட்டு வேண்டும். கூடையைத் துணியால் மூடி வெளிச்சத்தை மறைத்தால் அதன் பயம் தணிகிறது. வயிற்றைக் குமட்டும் பூனைக்குப் புறப்படுமுன் ஆகாரத்தைக் குறைக்கலாம். ஆனால் நீரிழிவுள்ள பூனையைப் பட்டினி போட்டு வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டால் உயிருக்கே மோசம் வரும் என்பதால், வைத்தியரிடம் வேளையையும் அளவையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். மருந்துக் குப்பியைக் குளிர்ச்சியாக வைக்கவேண்டும். பூனையையோ மருந்தையோ சாத்திய காரில் விட்டுவிட்டு வெயிலில் காப்பி சாப்பிடப் போகக்கூடாது.

அணைக்கரையில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையையும் கொள்ளிடத்தையும் கடந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்கு வரும் கார், ஆற்றில் வெள்ளம் வடியக் கரையில் காத்திருந்த பழைய வண்டிகளின் கஷ்டத்தை அறியாது. ஆனால் இரவில் அந்தக் காரில் பூனைக்கு மூச்சுத் திணறினால், வழியிலுள்ள சிற்றூர்களில் நள்ளிரவில் மணி அடித்து அழைக்கும் இடம் எதுவும் இல்லை. அரசாங்கக் கால்நடை மருந்தகங்கள் பெரும்பாலும் பகலில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் செய்து மாலையில் கதவு சாத்துபவை. நெடுஞ்சாலையில் இத்தனை மைலுக்கு ஒன்று என்று இராக்கால மிருக வைத்தியசாலை வைப்பதற்கு, சத்திர தர்மத்தில் பெருமை கொள்ளும் இந்தத் தஞ்சை ஜில்லாவே முதலில் முன்வரவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ஆதாரமான ஸ்தாபனம் ஒன்று ஏற்கெனவே இங்கே இருக்கிறது. 2012-இல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே பயிலும் இளைஞர்கள், முக்தாம்பாள் சத்திரம் நிற்கும் அதே ஊரில், பழைய ராமேசுவரச் சாலையின் ஓரத்தில், மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் பூனைக்கும் சிகிச்சை கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.