ரப்பர் பட்டறையிலிருந்து ரேயான் ஆலை வரை

கரியையும் கந்தகத்தையும் உயர்வெப்பத்தில் வினைபுரியச் செய்து பெறப்படும் கார்பன் டைசல்பைடு, 46 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் ஒரு திரவமாகும். அதன் ஆவி ஏறத்தாழ 90 பாகை வெப்பத்தில் பொறி எதுவும் இல்லாமலே தீப்பற்றக்கூடியது என்பதால், சூடான நீராவிக் குழாய் ஒன்றே விபத்துக்குப் போதுமானது. காற்றைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கனமான அந்த ஆவி தரையை ஒட்டிப் பரவி எங்கோ எரியும் நெருப்பை எட்டிவிடும் அபாயம் இருந்தமையால், நீரில் பெரும்பாலும் கரையாததும் நீரைவிடக் கனமானதுமான இத்திரவத்தின்மேல் நீரை நிறுத்திச் சேமிக்கும் வழக்கம் ஆலைகளில் நிலைபெற்றது. தீயிடம் காட்டப்பட்ட இந்த விழிப்பு, அதே ஆவியை நாள்முழுதும் சுவாசித்தவர்கள் விஷயத்தில் நெடுங்காலம் காட்டப்படவில்லை.

ரப்பருக்குக் கந்தகம் ஏற்றி உறுதிப்படுத்தும் வல்கனைசேஷன் முறையைச் சூடாக்காமலே செய்ய 1846இல் இங்கிலாந்தின் அலெக்சாண்டர் பார்க்ஸ் வழிகண்டார். சல்ஃபர் குளோரைடைக் கார்பன் டைசல்பைடில் கரைத்து, மெல்லிய ரப்பர்ப் பொருள்களை அதில் தோய்த்தெடுத்து உலர்த்துவதே அம்முறை. பாரிஸில் பலூனும் ஆணுறையும் செய்தவர்கள் காற்றோட்டமற்ற சிறு அறைகளிலேயே இவ்வேலையைச் செய்தனர். அவர்களைப் பரிசோதித்த மருத்துவர் ஒகுஸ்த் டெல்பேஷ் 1856இல் தம் முதல் அறிக்கையையும் 1863இல் விரிவான நூலையும் வெளியிட்டார். தலைவலி, காரணமற்ற சினம், கட்டுமீறிய கிளர்ச்சி என முதற்கட்டமும், அதைத் தொடர்ந்து மறதி, கால்தளர்ச்சி, ஆண்மைக்குறைவு என இரண்டாம் கட்டமும் வருவதாக அவர் பிரித்துக்காட்டிய முறை இன்றும் பெரிதும் பொருந்துகிறது. ஆயினும் 1888இல் நரம்பியல் மேதை ஷார்கோ இத்தகைய தொழிலாளி ஒருவரின் நோயை ஹிஸ்டீரியாவோடு சேர்த்தே விளக்கினார். விஷத்தின் விளைவைத் தொழிலாளியின் இயல்போடு முடிச்சுப்போடும் போக்குக்கு இது வலுவூட்டியது எனலாம். பிரிட்டனில் தாமஸ் ஆலிவர் 1902இல் தொகுத்த ஆபத்தான தொழில்கள் பற்றிய நூல், வெறி தலைக்கேறி மேல்மாடியிலிருந்து குதித்த ரப்பர்த் தொழிலாளர்களைப் பற்றிப் பேசுகிறது.

ரப்பர்த் தொழிலில் கார்பன் டைசல்பைடின் பயன்பாடு பின்னாளில் குறைந்தாலும், மரக்கூழிலிருந்து ரேயான் எனும் செயற்கைப் பட்டு நூற்கும் விஸ்கோஸ் முறை 1892இல் பிறந்ததும் அப்பொருள் முன்னைவிடப் பன்மடங்கு பெரிய அளவில் தேவைப்பட்டது. காரத்தில் ஊறிய கூழைக் கார்பன் டைசல்பைடோடு கலந்து பாகாக்கி, நுண்துளைகள் வழியே அமிலத்தொட்டிக்குள் பீய்ச்சினால் இழை உருவாகும். அப்போது அந்த ஆவி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவோடு சேர்ந்து, தொட்டியின்மேல் குனிந்து நிற்பவரின் முகத்தை நோக்கியே எழும். நூற்புப் பிரிவினருக்குக் கண் சிவந்து உறுத்துவதும் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போவதும் அன்றாட நிகழ்வுகளாயின. அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் முன்னின்ற 1938ஆம் ஆண்டின் பென்சில்வேனியா ஆய்வு ரேயான் ஆலைத் தொழிலாளர்களின் நரம்புப் பாதிப்பை வெளிச்சமிட்டது. ஆனால் மாரடைப்புக்கும் இந்த ஆவிக்கும் உள்ள தொடர்பு 1968இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றின் பிறகே பரவலாக ஏற்கப்பட்டது. ஃபின்லாந்து ஆலை ஒன்றில் 1970களில் காற்றிலுள்ள அளவைக் கடுமையாகக் குறைத்ததும் மிகை இறப்பு சரிந்தது என்பது, தடுப்பு எட்டாக்கனி அல்ல என்பதற்குச் சான்று.

தமிழகத்தில் மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையிலும் விஸ்கோஸ் ஆலை இயங்கியது. அதைப் பற்றிய விவாதம் பவானி ஆற்றின் மாசையே பெரிதும் சுற்றிவந்தது. தென்கொரியாவின் வோன்ஜின் ரேயான் ஆலையோ ஜப்பானில் ஓடித்தேய்ந்த எந்திரங்களை 1960களில் வாங்கி நிறுவப்பட்டது. அங்கே நூற்றுக்கணக்கானோர் நோயுற்று, நீண்ட போராட்டத்துக்குப் பின் தொழில்நோய் இழப்பீடு பெற்றனர். 1993இல் ஆலை மூடப்பட்டபின் அதே எந்திரங்கள் சீனாவின் டான்டோங் நகருக்கு விற்கப்பட்டன.