துறைமுகம் நடந்த வழி

கொற்கைக்குப் போனால் கடலைப் பார்க்க முடியாது. வாழைத்தோட்டம், நெல்வயல், பெரிய குளம், அவ்வளவுதான். அலையைப் பார்க்க இன்னும் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். சனிக்கிழமை காலையில் திருநெல்வேலியிலிருந்து கிளம்பி, ஏரல் வழியாக ஊருக்குள் வண்டியை நிறுத்தியதுமே மாமியார் கேட்டார்: “கடல எங்கட்டி? வாழைல்லா நிக்கி!”

கடலைத் தள்ளிவிட்டது தாமிரபரணிதான். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கழிமுகம் மேடாக மேடாக, கரை கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. துறைமுகமும் அதன் பின்னாலேயே போனது. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், பிறகு வடக்கே தூத்துக்குடி. இந்த வழியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், வழியில் கிடைப்பதைச் சாப்பிட வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம்.

கொற்கையில் 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. ஊரில் மிகப் பழைய வன்னிமரம் ஒன்று சாய்ந்தபடி நிற்கிறது. ஈராயிரம் வயது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த ‘பெரிப்ளூஸ்’ என்ற பயணக் குறிப்பில் கொற்கை வருகிறது. பாண்டியனின் முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று அதில் இருக்கிறது. மரத்தடியில் இதைச் சொன்னபோது மகள் முகம் மாறிவிட்டது. முத்துக்குப் பேர்போன கொற்கை என்று பாடப்புத்தகத்தில் படித்தவள் அவள். மூச்சடக்கி மூழ்கியவனைப் பற்றியும் ஒரு வரி அதில் இருந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து ஆற்றைத் தாண்டி ஆத்தூர். மாமியாருக்கு இது பிறந்த ஊர் மாதிரி. அவர் வெற்றிலைப் பெட்டிக்கு ஆத்தூர்க் கொடிக்கால் வெற்றிலைதான் வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது. கவுளியைப் பிரித்து, காம்பு கிள்ளி, முதுகுப் பக்கம் சுண்ணாம்பு தடவி, பாக்கோடு மடித்து வாயில் வைத்துக்கொண்டார். காரமும் மணமும் சேர்ந்த வெற்றிலை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, இந்த ஊர்க்காரர்கள் எந்நேரமும் ஓர் இலையை வாயில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கற்பூரமும் வாசனைப் பொருளும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்லுகிறார்கள் என்று எழுதிவைத்தார். அவர் பார்த்த காயல், ஆத்தூருக்குச் சில கிலோமீட்டர் வடக்கே இருக்கும் இன்றைய பழையகாயல்தான் என்று கொற்கையில் தோண்டிப் பார்த்த கால்டுவெல் சொன்னார். இதைச் சொன்னதும் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. “அப்பவே நம்ம வெத்தலைதானா!” என்று அடுத்த கவுளியையும் வாங்கிவிட்டார்.

அந்தக் காயலில் ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் குதிரைகள் வந்து இறங்கின. பாண்டியர்களின் பணம் அதில் கொட்டிக்கிடந்தது. இங்கே குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுகிறார்கள், சரியாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாததால் அவை செத்துப்போகின்றன, மறுபடி வாங்குகிறார்கள் என்பதும் போலோ சொன்னதே. இன்று பழையகாயலில் உப்பளங்கள் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைக்கின்றன.

ஞாயிறு மதியம் காயல்பட்டினத்தில் என் கணவரின் நண்பர் வீட்டுக் கல்யாணம். களறிச் சாப்பாடு என்று அங்கே சொல்வார்கள். நெய்ச்சோறு, களறிக்கறி, கத்திரிக்காயும் மாங்காயும் போட்ட பருப்பு. பெண்கள் பகுதியில் பெரிய தாம்பாளம் போன்ற சஹனைச் சுற்றி, முன்பின் தெரியாத பெண்களோடு நானும் மகளும் உட்கார்ந்தோம். பக்கத்திலிருந்த அம்மா கறியில் நல்ல துண்டாகப் பார்த்து மகள் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். அரபிக் கடலோடிகளும் தமிழ் வணிகர்களும் பல நூற்றாண்டு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த கரை இது. அந்த உறவு எனக்குக் கல்வெட்டைவிடச் சஹனில் தெளிவாகத் தெரிந்தது.

தூத்துக்குடியை அடைந்தபோது மாலை. 1530களில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடி மதம் மாறியது, 1542இல் பாதிரியார் சேவியர் வந்தது, 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தது எல்லாம் பனிமய மாதா கோயில் வாசலில் சொல்லி முடித்தேன். இப்போதிருக்கும் கோயில் 1713இல் கட்டியது. பிள்ளைகள் மக்ரூனுக்குப் பறந்தார்கள்.

பேக்கரிக்காரர் உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு கெட்டி நுரையாக அடித்து, பொடித்த முந்திரியைக் கலக்கிறார்கள். காகிதக் கூம்பில் நிரப்பி, சுழித்துச் சுழித்துக் கையாலேயே பிழிகிறார்கள். பிறகு விறகு அடுப்பின் தணிந்த சூட்டில் இரவு முழுக்கக் காய வேண்டும். ஐரோப்பாவில் பாதாம் போடும் இடத்தில் இங்கே முந்திரி. அந்த முந்திரி மரமும் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததுதான். நாக்கில் வைத்தால் கரைந்துபோகும் இந்தப் பண்டத்தின் பின்னால் இரண்டு பெருங்கடல்கள் இருக்கின்றன.

தென்மாவட்டப் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலாப் பேருந்தைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் தொடங்காதீர்கள். முதலில் கொற்கைக்கு விடுங்கள். வாழைத்தோட்டத்தில் பிள்ளைகளை இறக்கி, கடல் எங்கே என்று கேட்க விடுங்கள். மக்ரூனைக் கடைசியாக வாங்குங்கள். காற்றுப் பட்டால் பிசுபிசுத்துவிடும்.